சீலோன்ஸ் ஃபினி

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே. அப்பா நலம். கண் அறுவை சிகிச்சை முடிந்து, செய்தித்தாளில் அச்சுப்பிழை கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

எனக்குக் கரையோர வானொலி நிலையத்தில் வேலை. ஒரு மேசை, ஒலிபெருக்கி, கடலைப் பார்த்த ஜன்னல். கப்பல்கள் பேசிக்கொள்ளும் பொது அலைவரிசையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எந்நேரமும் சந்தை இரைச்சல்.

செவ்வாய் மதியம் நடந்ததை உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.

இழுவைக் கப்பல்காரர் ஒருவர் யாரிடமோ, "அந்தக் கயிறு இருக்கே, அது..." என்று புலம்பிக்கொண்டிருந்தார். குறுக்கே ஒரு பெண் குரல். மேடே, மேடே, மேடே. 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்துக்கு வந்து இப்படி ஆனதாம். படகில் தண்ணீர் ஏறுகிறது. அவள், கணவன், குழந்தை. எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

நான் சொல்ல வேண்டியது இரண்டே சொல். சீலோன்ஸ் மேடே. முதல் சொல்லுக்கு மௌனம் என்று பொருள். பேசுவது ஆங்கிலமானாலும் அதை மட்டும் பிரெஞ்சுக்காரர்போல உச்சரிக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் சிரித்திருக்கிறேன். நிஜத்தில் சொன்னது அன்றுதான்.

அக்கா, கடல் வாயை மூடிக்கொண்டது.

நாற்பது கப்பல்களாவது இருக்கும். எத்தனையோ மொழிக்காரர்கள். முகம் தெரியாத ஒருத்திக்காக அத்தனை பேரும் மூச்சுக் காட்டவில்லை. அந்த நிசப்தத்தில்தான் அவள் குரலுக்குப் பின்னால் ஒரு மணி கேட்டது. டண். பிறகு டண் டண். பாறையருகே அலை ஆட்டுகிற மிதவை மணி. இந்தப் பக்கம் அப்படி ஒன்றுதான் இருக்கிறது. மீட்புப் படகை அங்கே அனுப்பினேன். மூவரையும் ஏற்றிவிட்டார்கள். குழந்தை பிஸ்கட் கேட்டதாம்.

கொஞ்சம் அழுதேன். தண்ணீர் குடித்தேன். பதிவேட்டில் எழுதினேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். எதிர்மேசைக்காரர், "தாயே, எல்லாரும் உன் வாயையே பாத்துக்கிட்டு இருக்காங்க. கட்டினவதானே அவுக்கணும்?" என்றார்.

மௌனம் கோரியவரே 'சீலோன்ஸ் ஃபினி' என்று அதை முடித்துவைக்க வேண்டும். மறந்தே போனேன். மூவரும் பிழைத்தது எல்லாருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் ஒருவர்கூடப் பேசவில்லை.

சொன்னேன். உடனே இழுவைக் கப்பல்காரர், விட்ட இடத்திலிருந்து: "...அறுந்துபோச்சுன்னு சொல்ல வந்தேன்."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அம்மா போன அன்று மருத்துவமனைப் படிக்கட்டில், நானாகக் கூப்பிடும்வரை என்னோடு பேசாதே என்று உன்னிடம் சொன்னேன். அம்மாவின் நோயை என் தேர்வு முடியும்வரை மறைத்துவிட்டாய் என்ற கோபம். மூன்று வருடம். என் சளி, காய்ச்சல்வரை அப்பாவிடம் விசாரித்தாய். என்னைக் கூப்பிடவே இல்லை. திமிர் என்று நினைத்தேன்.

நீ இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாய்.

அன்று நீ, "அம்மாதான்டி..." என்று தொடங்கினாய். நான் குறுக்கே வெட்டினேன்.

சீலோன்ஸ் ஃபினி, அக்கா. தினமும் மூன்று மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிடுவேன். திட்டுவதானால் பிறகு திட்டு. முதலில் அந்த வாக்கியத்தின் மீதியைச் சொல்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
தங்கை