மண்டியை நான் மூடவில்லை

பாப்பாரப்பட்டி
மார்ச் 1973

பம்பாயிலிருக்கும் என் மகன் தாவூதுக்கு அம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உடம்புக்குப் பெரிய குறையில்லை, படியேறும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது, அதை நான் கண்டுகொள்வதில்லை. நீயும் மருமகள் அஸ்கரி பேகமும் உன் அத்தாவின் பேரை வைத்த என் பேரன் ஹயாத் பாஷாவும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், மனசு கசந்து கிடக்கிற இந்த மாதத்திலும் அதை நிறுத்தவில்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உன் கடிதம் வந்தது. பேரனுக்கு ஊசி போட்ட இடம் ஆறிவிட்டது என்று படித்து நிம்மதியானேன். இங்கே மழை ஏமாற்றிவிட்டது, கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிறது, எருமையை விற்றுவிட்டேன். உங்கள் கம்பெனியில் மேனேஜர்களை எல்லாம் பெரிய ஓட்டலில் உட்கார வைத்து வகுப்பு எடுத்தார்களாம், காலம் மாறிக்கொண்டே இருக்கிறது, தொழில் நடத்துகிறவர்கள் நாளும் புதுசாகக் கற்க வேண்டும், கற்றதில் பாதியை மறக்கவும் பழக வேண்டும், நீங்களும் இதைத் தெரிஞ்சுக்கணும்மா என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்குத்தான் இந்தப் பதில்.

தாவூது, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆனால் அந்த ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்தவள், இதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. உன் அத்தா மௌத்தான வருஷம்தான் வீசையும் மணங்கும் போய்க் கிலோ வந்தது. அவர் போன துக்கத்தில் வெளியே வராமல் இத்தா இருந்த மாதங்களில் உன் பழைய பள்ளிக்கூடத்துச் சிலேட்டைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் போட்டு வீசையை மறந்தேன். மண்டிக்குப் புளி போடுகிற குடியானவர்கள் நம்பவில்லை, கவர்மெண்டுக் கல்லு திருட்டுக் கல்லு என்றார்கள். ஒரு தட்டில் பழைய வீசைக் கல்லையும் மறு தட்டில் கிலோக் கல்லையும் வைத்து, கிலோப் பக்கம் புளியைப் போட்டுச் சமமாக்கி, இவ்வளவுதான் வித்தியாசம் பாருங்கள் என்று மண்டி ஆட்களைக் காட்டச் சொன்னேன், அதற்கப்புறம்தான் அடங்கினார்கள். சேலத்து விலை தெரிய டிரங்கால் போடக் கற்றேன். போனை முக்காட்டுக்குள் விட்டுக்கொண்டு நான் கத்தியதில் அந்தப் பக்கத்து வியாபாரி, அம்மா போனை வச்சுட்டுப் பேசுங்க இங்கேயே கேக்குது என்றாராம், போஸ்டாபீசில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதனால் எனக்குக் கற்கவும் தெரியும் மறக்கவும் தெரியும், ஓட்டலில் உட்கார்ந்து கற்கவில்லை, அவ்வளவுதான்.

துண்டு வியாபாரம் ஒன்றுதான் என்னால் கற்க முடியாமல் போனது. நம் மண்டியில் ஒரு குவியல் புளிக்கு விலை பேச வாயைத் திறக்க மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும், மண்டிக்காரரும் வாங்க வந்தவரும் கைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு அதற்குள்ளே விரலைப் பிடித்துப் பேசி முடிப்பார்கள், சுற்றி நிற்கிற யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்நிய ஆண் கையை நான் பிடிக்க முடியுமா. அதனால் அத்தாவுக்கு அப்புறம் அவருடைய அக்காள் மகன் உசேன் எனக்காகக் கையை நீட்டினான், நான் மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் வந்து சொல்வதைக் கேட்டுக்கொண்டேன். என் மண்டியில் என்ன விலை என்று எல்லோருக்கும் கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான்தான். போன வருஷம் நீ லீவில் வந்தபோது, துண்டை எடுத்துடுங்கம்மா, எல்லாம் வெளியில தெரியணும், ஏலம் வாய்விட்டுக் கூவினால்தான் குடியானவனுக்கு நம்பிக்கை வரும் என்றாய். உசேன் சாப்பிடாமல் முறைத்துக்கொண்டு திரிந்தான், என் விரலு இனிமே சோறு பிசையத்தான் ஆகும் மாமி என்றான். எனக்கும் பயம்தான், ஆனால் சொன்னது நீ, அதனால் ஒப்புக்கொண்டேன். ஏலம் கூவ ஆள் வைக்காமல் நானே கூவினேன், முதலில் தட்டிக்குப் பின்னாலிருந்து, அப்புறம் குரல் எட்டவில்லை என்று தட்டியையே தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டேன். ஜமாத்தில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், அதையும் தாங்கினேன். கண் முன்னால் விலை ஏறுவதைப் பார்த்துக் குடியானவர்கள் தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். உன் லீவு முடிகிற வரைக்கும் நீ என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இது எந்த ஊர்ப் புளி, இதற்கு ஏன் விலை கூடுதல், எந்தக் காட்டு மரத்தில் நார் குறைவு, யார் வீட்டுப் பழம் வருஷம் ஆனாலும் கறுக்காது என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். இத்தனை வருஷம் துண்டுக்குள்ளும் என் தலைக்குள்ளும் இருந்ததை எல்லாம் சொன்னேன். பம்பாயில் மேனேஜராக இருக்கிற பிள்ளை அம்மாவிடம் உட்கார்ந்து படிக்கிறான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன். நீ கற்றுக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். கற்றுக்கொண்டுதான் இருந்தாய், யாருக்காக என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஊருக்குப் போகும்போது அத்தாவின் அந்தக் கட்டம்போட்ட துண்டை ஞாபகத்துக்கு என்று கேட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டாய், அதற்கும் நான் அழுதேன்.

இந்த பக்ரீத்துக்கு வந்தாய். ஒகேனக்கலுக்குக் குளிக்கப் போகிறேன் என்று உசேனைக் கூட்டிக்கொண்டு போனவன் தலை நனையாமல் திரும்பி வந்தாய், தண்ணி ரொம்பக் குளிர்ந்துதும்மா குளிக்கலை என்றாய், நான் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். நீ போனபின் புளி உலுக்குகிற காலமும் வந்தது, வாசலில் வண்டி நிற்கவில்லை. மழையில்லை, காய்ப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் காலையில் பென்னாகரத்துப் பக்கத்துப் பெரியண்ணனும் அவர் சம்சாரம் மாதம்மாளும் வண்டியில்லாமல் வந்தார்கள். அத்தா காலத்திலிருந்து நமக்குப் புளி போடுகிறவர்கள். ஒரு சீப்பு வாழைப்பழமும், வீட்டுச் செலவுக்கு என்று கொஞ்சம் கொட்டை எடுத்த புதுப் புளியும் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் பெரியண்ணன் சொன்னார், மண்டிய மூடுறீங்களாமே பாயம்மா, ஒருக்கா பாத்துட்டுப் போலாம்னு வந்தோமுங்க என்று. எந்த மண்டியை என்று கேட்டேன். அவர் சம்சாரத்தின் முகத்தைப் பார்த்தார். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. உங்க மவன்தானுங்க வூட்டுக்கே வந்தாரு, அம்மாளுக்கு முடியலை, இந்த வருசத்தோட மூடிடறாங்க, இனிமே எங்க கம்பெனியே மரத்தடிக்கு வந்து எடுத்துக்கும்னாருங்க, அச்சாரமும் குடுத்துட்டாருங்க என்றார். ஊர் ஊராக நீ போய்ச் சொன்னதும் அதேதான். நீ குளிக்கப் போன நாள் அதுதான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்றேன். அதற்கு மாதம்மாள் சொன்னது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. உங்க மூஞ்சியாட்டமே அவுரு மூஞ்சியுமுங்க பாயம்மா, அது பொய் சொல்லும்னு நாங்க எப்பிடிங்க நெனைக்கறது என்றாள். நீ பிறந்த நாளிலிருந்து அம்மா ஜாடை அம்மா ஜாடை என்று எல்லோரும் சொல்லக் கேட்டுப் பூரித்தவள் நான், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டேன். உசேனைக் கூப்பிட்டுக் கேட்டால் அவன் முகம் செத்துவிட்டது, உங்ககிட்டக் கேட்டாச்சுன்னுதான் மச்சான் சொன்னாங்க மாமி என்றான். ஆக அவனையும் ஏமாற்றியிருக்கிறாய்.

உன் கம்பெனி மரத்தடிக்கு வருவதில் எனக்கு வருத்தமில்லை. வியாபாரம் என்றால் எதிரில் ஒருவன் கடை போடத்தான் செய்வான், அத்தா எதிரிலும் போட்டார்கள். நீ நேராக என்னிடம் வந்து, அம்மா நாங்க இப்படி வாங்கப் போறோம், உங்க மண்டி தாங்காது என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், அப்புறம் உனக்குச் சோறும் போட்டிருப்பேன். திடமாக உட்கார்ந்து ஏலம் கூவுகிறவளை முடியாதவள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. எல்லாம் வெளியில் தெரியணும் என்றவன் நீ. என் மண்டியிலிருந்து துண்டை எடுக்க வைத்து, எனக்குத் தெரியாமல் அதை உன் கைமேல் போட்டுக்கொண்டாய். எதை எதை மறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர்கள், எதை மறக்கக் கூடாது என்று அந்த வகுப்பில் சொல்லவே இல்லையா.

அழுது முடித்த பிறகு நானும் ஒன்றை மறந்தேன். புளி என்னைத் தேடி வரும் என்று உட்கார்ந்தே பழகியவள் நான், அந்தப் பழக்கத்தை விட்டேன். உசேனைக் கூட்டிக்கொண்டு பென்னாகரம் பஸ் ஏறி, மரத்தடி மரத்தடியாகப் போய், நான்தான் ரஹமத் பீவி, மண்டியை மூடவில்லை என்று சொன்னேன். அச்சாரம் வாங்கியவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கொடுத்த வாக்கை மாற்றுங்கள் என்று நானும் கேட்கவில்லை. ஆனால் போன இடத்தில் ஒன்று தெரிந்தது, தோப்பு மாதிரி மரம் வைத்திருக்கிறவர்களிடம்தான் உன் கம்பெனி பேசியிருக்கிறது, வீட்டுக்குப் பின்னால் ஒற்றை மரம் வைத்திருக்கிற பொம்பளைகளை யாரும் கேட்கவே இல்லை. வண்டியில்லாததால் அவர்கள் வந்த விலைக்கு உள்ளூரிலேயே தள்ளிவிடுகிறார்களாம். இப்போது நம் வண்டி அவர்கள் வாசலுக்குப் போகிறது. பாதி மண்டி காலியாகத்தான் கிடக்கிறது, உன்னிடம் மறைக்கவில்லை. மீதிப் பாதியில் சந்தை நாளன்று பொம்பளைகள் வந்து நின்று, தன் மரத்துப் புளிக்கு என்ன விலை ஏறுகிறது என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். என் தொண்டை கட்டிப்போகிறது, உசேன் வெந்நீர் கொண்டுவந்து கொடுக்கிறான்.

இந்தக் கடிதத்தை அஸ்கரிக்குப் படித்துக் காட்டாதே, பெண்டாட்டி முன்னால் நீ தலைகுனிய வேண்டாம். பள்ளிக்கூட லீவுக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு வா, அவனுக்கு மாம்பழம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ வரும்போது நேரே வீட்டுக்கு வராதே. சந்தை நாளாகப் பார்த்து வந்து இறங்கு, முதலில் மண்டிக்கு வா, குடியானவர்களும் வியாபாரிகளும் நிற்கிற இடத்தில் நின்று, எங்கம்மா மண்டியை மூடலை, நான் சொன்னது பொய் என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி வாய்விட்டுச் சொல், நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அதைச் சொல்லிவிட்டு வீட்டுப் படியேறு, இலை போட்டு வைத்திருப்பேன். அதற்கப்புறம் உன் கம்பெனிக்குப் புளி வேண்டுமென்றால் மற்றவர்களோடு குவியல் முன்னால் நின்று விலை கேள், உன் விலையையும் நான்தான் கூவுவேன்.

உனக்கும் உன் குடும்பத்துக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் நேரான வழியையும் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு, குழந்தையை வெயிலில் விடாதே. அத்தாவின் துண்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா, அது இந்த வீட்டில் இருக்க வேண்டியது.

கோபமும் துஆவும் குறையாத உன் அம்மா,
ரஹமத் பீவி,
ஹயாத் பாஷா புளி மண்டி,
பாப்பாரப்பட்டி.