வெறுவயிற்றில் அடங்குபவை

திங்கள்
காலையிலேயே வெயில். துறைமுகப் பக்கம் காற்று இல்லை. இன்று குசினிக் கதிரையில் அமர்ந்தபடி, தேத்தண்ணிக்கு இனிச் சீனி போடுவதில்லை எனத் தீர்மானித்து அறிவித்தேன். சாட்சிகள்: மனைவி பவளம், பூனை. பவளம் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

காரணம்: வியாழன் இரத்தப் பரிசோதனை, வெள்ளி டொக்டர். போன முறை அவர் சொன்னது: "இந்த முறையும் சீனி இறங்காட்டி ஊசிதான் ஐயா. குளிசை விழுங்கி இனி ஏலாது." ஊசி என்றால் இன்சுலின். தினமும், என் வயிற்றில், என் கையாலேயே. ஊசிக்குப் பயந்தவன் அல்லன் நான். பார்க்க விரும்பாதவன்.

செவ்வாய்
வானம் மப்பு. சீனியில்லாத் தேத்தண்ணி, நாலு தரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு பனங்கட்டி, இனிப்புக்குக் கடித்துக் குடிக்க. கோப்பைக்குள் ஒரு துகளும் விழவில்லை. தீர்மானத்துக்குப் பழுதில்லை.

மாலை ஓர்ஸ் ஹில் ஏறி இறங்கினேன். பக்கத்து வீட்டு யோசேப்பு மதிலுக்கு மேலால்: "என்ன மாஸ்டர், மெலிஞ்சு போனியள்?" ஒரே நாளில். கண் தெரிந்த மனிதர்.

புதன்
மழை. பரிசோதனை நிலையத்துப் பிள்ளை போனில்: "அங்கிள், நாளைக்கு வெறுவயித்தோட வாங்கோ. வெறுந்தண்ணி மட்டும் குடிக்கலாம்."

வெறுவயிறு. வெறுந்தண்ணி. வெறுந்தேத்தண்ணி. மூன்றும் ஒரே குடும்பம். பால் விட்டால்தான் உறவு அறும். பவளத்துக்கு விளக்கினேன்.

"இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளையிட்டயே ஒருக்காக் கேளுங்கோவன்."

"காலமெல்லாம் தமிழ் படிப்பிச்சனான். தண்ணிக்கு அர்த்தம் அவவிட்டயோ கேக்கிறது?"

"ஓம், கேளாதேங்கோ. ஊசி எனக்கில்லைத்தானே."

வியாழன்
வானம் வெளித்துவிட்டது. ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணி, பனங்கட்டி, பிறகு பரிசோதனை நிலையம். வரிசையில் எல்லாருக்கும் வாடிய முகம். ஒருவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தெம்பாக நின்றது நான் மட்டும். மொழியறிவின் பயன்.

"வெறுவயிறுதானே அங்கிள்?"

"ஓம் பிள்ளை. எல்லாம் வெறும்தான்."

ஓர் எழுத்தும் பொய்யில்லை. குத்தும்போது யன்னலைப் பார்த்தேன். வீடுவரை வென்றவனின் நடை. பவளத்திடம் மத்தியானத்துக்கு மீன் பொரிக்கச் சொன்னேன்.

வெள்ளி
வெக்கை. நல்ல சேட் போட்டுக்கொண்டு போனேன். டொக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பத் தாளை.

"போன முறையைவிடக் கூடிப்போச்சு, ஐயா."

இன்சுலின் நாளை காலையிலிருந்து. மருந்துக்குப் பிரிட்ஜ் கதவில் இடம் வேண்டுமென்று பவளம் முட்டைகளைக் கீழ்த் தட்டுக்கு இறக்கிவிட்டாள்.