வால்வுப் பிடியில் தடவிய கிரீஸ்

புனே, 9.8.2005

அப்பாவுக்குச் செழியனின் வணக்கம். இருமல் குறைந்ததா?

இங்கே எங்கள் வேன், ஓட்டலில் பொரித்து மிஞ்சிய எண்ணெயில் ஓடுகிறது. புகையில் வடை வாசனை வந்தால் வீட்டு நினைப்புதான். நிறுத்துமுன் வால்வை டீசலுக்குத் திருப்பாவிட்டால் குழாயில் எண்ணெய் கெட்டியாகி, காலையில் வண்டி கிளம்பாது. மூன்று நாள் கிளம்பவில்லை. மாலையில் ஓட்டும் பிரகாஷ், திருப்பினேன் என்று சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை. வால்வுப் பிடியில் கிரீஸ் தடவிவைத்தேன். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவனின் கை சுத்தமாக இருந்தது. மாட்டிக்கொண்டான்.

பிறகு உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "பட்டாசு ஆலை கேட்லதான்லே நிக்கேன், மருந்து ரூமுக்குப் போறதே இல்ல" என்று எழுதியிருக்கிறீர்கள். ஓரத்தில், பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடியோடு உங்கள் கட்டைவிரல் தடம் மினுங்குகிறது.

கொஞ்சம் மிளகாய்வற்றல் அனுப்புங்கள். லோடு ஏற்றக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். அடுத்த கடிதம் எழுதும் முன் கையைக் கழுவிவிடாதீர்கள், அப்பா.

செழியன்