காற்றுப் பிரிந்த செய்தி

12 நவம்பர் 1991, செவ்வாய்

குடலில் ஒரு துண்டை வெட்டித் தைத்ததிலிருந்து இவருக்குச் சாப்பாடு இல்லை. வெட்டுப்பட்ட குடல் சில நாள் உறங்கிவிடுமாம். காற்றுப் பிரிந்தால்தான் விழித்ததாக அர்த்தம். தினமும் மருத்துவர் கேட்பார், இவர் "நோ" என்பார். இன்றும் "நோ" என்றதும், மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர் என் கையைப் பிடித்தார். "இஞ்சேரும், காத்து ராத்திரியே போயிட்டுது."

"பிறகேன் இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

"பக்கத்திலை நிண்ட நேர்ஸ் பிள்ளைக்கு எங்கடை மகளின்ரை வயசு. என்னெண்டு சொல்லுறது?"

பயத்தில் சொல்லும் பொய்யோ என்று சந்தேகம். திரையை இழுத்துவிட்டு வயிற்றில் காது வைத்தேன். குழாயில் தண்ணீர் ஓடுவதுபோல் ஒரே இரைச்சல்! பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தபோது குடலை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அது பேசிக் கேட்டது இன்றுதான்.

ஓடிப்போய்த் தாதியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். என் சத்தம் கூடிவிட்டது, வார்டே திரும்பிப் பார்த்தது. மருத்துவர் வந்து, தானும் கேட்டுச் சிரித்தார். மாலையில் ஒரு கோப்பை சூப் கிடைத்தது.

"முழுப்பேருக்கும் சொல்லிப்போட்டீர்," என்று இவர் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"மகளுக்கும் ரெலிபோன் எடுத்துச் சொல்லப்போறன்."

வீட்டுக்கு வந்ததும் எடுத்தேன். "அப்பாவின்ரை குடல் வேலை செய்யுது, பிள்ளை."

"எப்பிடித் தெரியும் அம்மா?"

"டொக்டர் சொன்னவர்," என்று வைத்துவிட்டேன்.