வராத பால்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? என் பாப்பா உன்னை ஓடவிடும் ஓட்டத்தில் அது எங்கே குறையப்போகிறது.

நான் நன்றாக இருக்கிறேன். போன வாரம் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும்போது மயங்கி விழுந்தேன். மடித்து வைத்த போர்வைகள்மேல் விழுந்ததால் அடியில்லை. போர்வைகளைத்தான் மறுபடி மடிக்கவேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, ஸ்கேனும் பார்த்தார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி இருக்கிறதாம். கிருமியோடு சண்டை போடவேண்டிய எதிர்ப்பொருள்கள் என் உடம்பில் அதைத் தாக்கிவிட்டனவாம். அதனால் ஹார்மோன்கள் சரியாகச் சுரக்கவில்லை. தினமும் மாத்திரை போட்டால் போதும், பயப்படாதே.

"குழந்தை பிறந்தப்போ பால் வந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன்.

"அப்பவே இது தொடங்கியிருக்கும். பால் சுரக்கவும் அந்தச் சுரப்பிதான் வேணும்."

பாப்பாதான் புட்டிப்பால் குடிக்கிறாளே, நான் எதற்கு என்றுதானே அவளை உன்னிடம் விட்டு அவ்வளவு சீக்கிரம் இந்த வேலைக்குக் கிளம்பி வந்தேன்.

எனக்கு எப்போதும் குளிர்கிறது. யாராவது வந்தால் என் பழுப்புச் சால்வையைக் கொடுத்தனுப்பு. பாப்பா அதைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள் என்றால் வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. "மனசு இருந்தா பால் தானா ஊறும்" என்று என் மாமியார் சொன்னாரே, அவரிடம் சொல்லிவிடு. எனக்கு மனசு இருந்தது, அம்மா.

உன் மகள்