மேலுதட்டில் இரண்டு விரல்

தூங்குகிறாய், தட்டி எழுப்ப மனம் வரவில்லை. சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. பத்து மணிக்கு உன் வக்கீல் வருவார். காது கேட்காது என்று உன்னை வேலையைவிட்டு நிறுத்திய ஆலைக்கு நோட்டீஸ் எழுதிவிட்டாராம். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. அழைப்புமணி அடித்தால் எரியும் விளக்குக்குப் புது பல்பு போட்டிருக்கிறேன். அவருக்காக ஒன்றும் போடவில்லை.

கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. உன் வேலையைத் திரும்ப வாங்கிக் கொடுத்துவிடுவார். ஆனால் போன தடவை நீங்கள் இருவரும் சைகையில் பேசிச் சிரித்த வேகத்தில் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. தேநீர்த் தட்டோடு மரம் மாதிரி நின்றேன். வந்த அன்றைக்கே அவருக்குச் சைகையில் ஒரு பேர் வேறு வைத்துவிட்டாய்: கன்னக்குழியில் ஒரு விரல்! எனக்கு மட்டும் கல்யாணத்தின்போது வைத்த அதே பேர், மேலுதட்டில் இரண்டு விரல். மீசையை எடுத்து எத்தனை வருஷம் ஆகிறது?

சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் இருக்கிறது.

உன் மீசைக்காரன்

எழுத மறந்தது: ஒரு வாரமாக நான் மேலுதட்டைச் சவரம் செய்வதில்லை. கடைக்கு வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம், "என்னப்பா, திரும்ப மீசை வைக்கிறியா?" என்று கேட்டுவிட்டார்கள். உன் கண்ணில்தான் இன்னும் படவில்லை.