மவுஸ் வைக்க இடமில்லாத மேசை

பிப்ரவரி 3, திங்கள்
மணிக்கட்டில் பெல்ட். மவுஸைப் பிடித்துப் பிடித்தே தசைநார் வீங்கிவிட்டதாம். "டைப் பண்ணலாமுங்க. மவுஸை மட்டும் ஒரு மாசம் தொடவே கூடாது" என்றார் டாக்டர். அவருக்கென்ன! மவுஸ் இல்லாமல் ஒரு வரியை வெட்டி ஒட்டக்கூட எனக்குத் தெரியாது. இரும்பு வார்க்கும் பவுண்டரி நடத்துகிற சுப்பண்ணனின் ஐம்பதாண்டு வரலாறு, இருநூறு பக்கம், மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். ஒன்பது வருடம் யார் யார் வெப்சைட்டுக்கோ பெயரில்லாமல் எழுதியாயிற்று. அட்டையில் என் பெயர் வரப்போகும் முதல் புத்தகம் இது. போச்சா?

பிப்ரவரி 4
இடக்கையால் மவுஸ் பிடித்துப் பார்த்தேன். அம்புக்குறி கன்றுக்குட்டி மாதிரி திமிறுகிறது. நாள் முழுக்க மூன்றே பக்கம். கணவர் காபி கொண்டு வந்ததற்கு எரிந்து விழுந்தேன். பாவம் மனுஷன்.

பிப்ரவரி 6
புத்தகத்துக்காக எடுத்த பேட்டிகளைப் பிரிண்ட் எடுக்க உக்கடம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் தாஜுன்னிசாவின் டைப்பிங் கடை. ஜெராக்ஸ் மெஷினுக்கும் லேமினேஷன் மெஷினுக்கும் நடுவே ஒரு முழம் மேசை. கீபோர்டு வைத்தால் மவுஸ் வைக்க இடமில்லை. பத்து வருடமாக மவுஸே இல்லாமல் கடை நடத்துகிறாள்!

கண்ட்ரோலையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு அம்பு விசையைத் தட்டுகிறாள், சொல் சொல்லாகத் தேர்வாகிறது. கண்ட்ரோல் எக்ஸில் வெட்டி, கண்ட்ரோல் வி-யில் ஒட்டுகிறாள். ஆல்ட் டேப் தட்டினால் அடுத்த ஃபைல். லேமினேஷன் மெஷின் சூடேறினால் ஃபியூஸ் போய்விடுமாம், அதனால் இரண்டு வரிக்கொரு கண்ட்ரோல் எஸ். என்னிடம் பேசிக்கொண்டே சேமிக்கிறாள். அப்படியே அசந்து நின்றேன்.

"ஏனுங்கக்கா, இதுல என்னங்க இருக்குது? எடமிருந்தா நானும் மவுஸ்தான் வெச்சிருப்பேன்" என்று சிரித்தாள். துண்டுச் சீட்டில் பன்னிரண்டு ஷார்ட்கட் எழுதிக் கொடுத்தாள்.

பிப்ரவரி 9
கண்ட்ரோலோடு பேக்ஸ்பேஸ் தட்டினால் முழுச் சொல்லும் போகிறது. இத்தனை வருடம் எழுத்தெழுத்தாக அழித்தேனே, மடச்சி. இன்று பதினொரு பக்கம்.

பிப்ரவரி 19
கண்ட்ரோல் எஸ்ஸுக்குப் போன விரல் பக்கத்து ஏ-யில் விழுந்தது. புத்தகம் முழுக்கத் தேர்வாகிவிட்டது — அது தெரியாமல் ஸ்பேஸ் தட்டினேன். வெள்ளைப் பக்கம். பழகிய கை, நினைக்குமுன் கண்ட்ரோல் எஸ்ஸும் போட்டுவிட்டது. பென்டிரைவில் இருப்பது போன மாதப் பிரதி. தாஜுவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஃபைலை மூடிப்போட்டீங்களா?"

"இல்ல தாஜு. ஆனா சேவ் பண்ணிப்போட்டேனே!"

"பரவால்லீங்கக்கா. மூடாத வரைக்கும் திரும்பி வரும். வேற எதையுந் தொடாம கண்ட்ரோல் இசட் அமுக்குங்க."

அமுக்கினேன். இருநூறு பக்கத்தில் எழுதியவரை அத்தனையும் வந்துவிட்டது. போனை வைக்காமலே அழுதேன். அவள் அந்தப்பக்கம் யாருக்கோ ஜெராக்ஸ் போட்டுக்கொண்டே காத்திருந்தாள். இவள் மாதிரி ஒருத்தி இருக்க வேண்டும்.

பிப்ரவரி 22
இனிப்போடு கடைக்குப் போனேன். யாரோ ஒரு மாணவியின் ஆய்வேடு பிரிண்டுக்கு வந்திருந்தது, முழுக்க தாஜு டைப் செய்தது. கண்ட்ரோல் எஃப் தட்டி எதையோ தேடினாள், உடனே மூடினாள்.

"என்ன தேடுனே?"

"எம் பேருங்க. நன்றிப் பக்கத்தைக் கடைசியா அவங்களே எழுதிச் சேர்த்துக் கொண்டாருவாங்க. ஒவ்வொண்ணுலயும் தேடிப் பாப்பேன். பத்து வருசமா ஜீரோதானுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி
சுப்பண்ணன் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்குதுங்க அம்மணி" என்று வாங்கிக்கொண்டார்.

அதற்குமுன், காலையில், ஃபைலைத் தாஜுவிடம்தான் பிரிண்டுக்குக் கொடுத்தேன். வழக்கம்போல கண்ட்ரோல் எஃப் தட்டித் தன் பெயரை அடித்தாள். ஐந்தாம் பக்கத்தில், நன்றியுரையில் போய் நின்றது. வெகுநேரம் பார்த்தாள்.

ஃபைலில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. ஆனாலும் கண்ட்ரோல் எஸ் போட்டாள்.